தடை கட்டிய கரை

வைலாரு,
ஏப்ரல் 9, 1994

அன்புள்ள ஒர்பா அக்காவுக்கு,

கடலின் இந்தப் பக்கத்திலிருந்து மினாவின் வணக்கம். கர்த்தருடைய தயவில் சுகமாக இருக்கிறேன். போன வாரம் பாறையில் நடக்கும்போது கடல் முள்ளெலியின் முள் காலில் குத்திவிட்டது, வீக்கம் வடிந்துவிட்டது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் வலது கை கொஞ்சமாவது அசைகிறதா?

அக்கா, முடிந்துவிட்டது! இந்த மாதத்தோடு என் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. மே மாதக் கப்பலில் ஏறிவிடுவேன். அம்போன் துறைமுகத்தில் நீ வந்து நிற்காவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உன் தையல் வகுப்புக்கே வந்துவிடுவேன். சோளமும் சுட்ட மீனும் தின்று தின்று என் முகமே மீன் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் செவுள் தெரிகிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊர்த் தலைவர் யோசியாஸ் எழுந்து, "நம்ம மருத்துவச்சி அம்மா ஊருக்குக் கெளம்புறாங்களாம்" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அபியா மட்டும் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு இப்போது மூன்று மாதம். நான் இங்கே வருவதற்கு முந்தைய வருடம் அவளுடைய முதல் குழந்தை குறுக்கே கிடந்து இறந்து பிறந்தது.

மறுநாள் காலை என் வாசல் கம்பத்தில் தென்னங்குருத்து கட்டியிருந்தது. நம் பக்கத்தில் கிராம்புத் தோப்புக்குக் கட்டுவார்களே, அதே தடை ஓலைதான். இங்கே தேங்காய்க்கும் கடலட்டைக்கும் கட்டுகிறார்கள். ஊர் கூடி அவிழ்க்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. யார் வேலை என்று கேட்டால் தலைவரின் மனைவி லேயா அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முத்தாத காய யாராச்சும் வெளியூருக்கு அனுப்புவாங்களா?"

"எனக்கு இருபத்தேழு ஆச்சும்மா."

"அதான் சொல்றேன். புருஷனும் வரல, புள்ளையும் வரல. பச்சக் காயி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் யாரும் ஓலையை அவிழ்க்கவில்லை.

மே மாதம் நேரில் பேசுவோம்.

உன் தங்கை,
மினா


அம்போன்,
மே 3, 1994

மினாவுக்கு, அக்கா ஒர்பா எழுதுவது.

இடுப்பு வலியை விசாரித்திருந்தாய். அது சௌக்கியமாக இருக்கிறது, நான்தான் சுமார். அப்பாவின் வலது கை அசையவில்லை. இடது கை நன்றாகவே அசைகிறது. நேற்று அந்தக் கையால்தான் கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு மாடத்து விளக்கைத் துடைத்தேன், உன் அறையைக் கழுவினேன், மெத்தையை வெயிலில் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை காலியாக இருக்கிறதாம். நடந்தே போய் வரலாம், மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க வீட்டுக்கும் வந்துவிடலாம்.

சோரோங்கிலிருந்து ஹெர்மான் எழுதியிருக்கிறார். படகுப் பட்டறைக்குப் பக்கத்தில் அவருக்கு வீடு கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு அறை, ஒரு கிணறு. 'இந்த வருஷமாவது கல்யாணம் பண்ணிக்கொண்டு வருவாயா?' என்று ஆறு வருடமாகக் கேட்கிறார். கோபப்படுகிற மனிதராக இருந்தால் பதில் சொல்வது சுலபம். இந்த முறை 'டிசம்பர்' என்று எழுதிப் போட்டுவிட்டேன். மனம் மாறுவதற்குள் செருப்புப் போடாமல் தபால் ஆபீசுக்கு ஓடினேன். சிரிக்காதே.

அம்மா இறந்துபோனபோது உனக்குப் பதினைந்து வயது. நீ படிக்க வேண்டும் என்று நான் வீட்டில் நின்றேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சொல்லிக்காட்டியது போல இருந்தால், சரி, இருக்கட்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா என்னை 'மினா' என்றுதான் கூப்பிடுகிறார். "நான் ஒர்பா, அப்பா" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வா. அவர் கேட்கிற ஆள் நீதான்.

துறைமுகத்தில் நிற்பேன்.

ஒர்பா


வைலாரு,
ஜூன் 14, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். நான் நலம். நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன்.

கீழைக்காற்று இந்த வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. கப்பல் வந்தது, அக்கா. நான் நல்ல பாவாடை உடுத்தி, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கப்பல் வெகு தூரத்திலேயே நின்று மூன்று முறை ஊதியது. கரைக்கு வெளியே இருக்கிற பவளத்திட்டுக்கு மேல் அலை வீடு உயரத்துக்கு எழும்பியது. படகுக்காரர் திமோ மாமாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"கடலப் பாரும்மா, வாயப் பொளந்துகிட்டு நிக்குது. ஒன்னையும் பெட்டியையும் ஒரே வாய்ல முழுங்கிட்டு ஏப்பம் விடும்" என்றார். அது பொய்யில்லை. கப்பல் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. உன் மே மாதக் கடிதப் பை அந்தக் கப்பலில்தான் இருந்தது. கப்பல் அடுத்த தீவில் இறக்கிவிட்டுப் போய், நேற்றுத்தான் கைக்கு வந்தது.

அதைக் கொண்டு வந்தவர் பூத்தோன் தீவிலிருந்து பாய்மரப் படகில் வருகிற ஒரு வியாபாரி. பாய் கிழிந்து இங்கே ஒதுங்கியிருக்கிறார். அலை தணிந்ததும் சௌம்லாக்கி துறைமுகத்துக்குப் போவாராம். இந்தக் கடிதத்தை அங்கே தபாலில் போடுவார். என்னையும் கூட்டிப் போங்கள் என்று கேட்டேன்.

"பொம்பளைய ஏத்துனா பாய் கிழியும்."

"பாய் ஏற்கெனவே கிழிஞ்சுதான கெடக்கு?"

"போன தடவ ஒரு பொம்பளைய ஏத்தினேன். அதுலதான் கிழிஞ்சுது."

இவரிடம் என்ன பேசுவது?

டிசம்பர் என்று எழுதியது நல்லது. அதற்குள் வந்துவிடுவேன். நீ செருப்பில்லாமல் ஓடியதைப் படித்து நான் சிரிக்கவில்லை.

மினா


அம்போன்,
ஜூலை 21, 1994

மினா,

நலம். நலமா?

துறைமுகத்தில் காலையிலிருந்து நின்றேன். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றேன். கடைசியாக இறங்கியது ஓர் ஆடு. அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும், "மினா வந்துட்டாளா?" என்றார் அப்பா, தெளிவாக. ஒரு வார்த்தைக்கு மேல் வராது என்று டாக்டர் சொன்ன வாய் அது.

கடலை யார் என்ன செய்ய முடியும்? அடுத்த கப்பலுக்கு நிற்கிறேன்.

ஒர்பா


வைலாரு,
ஆகஸ்ட் 28, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனதைக் கேட்காதே.

பதினெட்டாம் தேதி கப்பல் வந்தது. அலை இருந்தது, ஆனால் திட்டின் வாயில் வழி தெரிந்தது. நானே பார்த்தேன், மூன்று வருடத்தில் எனக்கும் கொஞ்சம் கடல் தெரியும். திமோ மாமா படகைத் தள்ளினார், கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, "ஐயோ, பிளக்கைக் காணோமே" என்றார். ஊர் முழுக்கத் தேடியது. குழந்தைகள் மணலைச் சலித்தார்கள். கப்பல் ஊதிக்கொண்டே நின்றது. வேறு மோட்டார் இல்லையா என்று கேட்டேன். எல்லா மோட்டாரும் அன்றைக்குத்தான் பழுதாம். துடுப்புப் போட ஆளில்லை. ஆண்கள் எல்லாம் அன்றைக்குத்தான் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். கப்பல் போனது. அன்று சாயங்காலமே திமோ மாமாவின் படகு மீன் பிடிக்கப் போகிறது, மோட்டார் சத்தத்தோடு!

நான் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். கத்தினேன், அக்கா. அப்பாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது. "நான் ஒங்க தோப்புத் தேங்காயா? நான் மனுஷி!" யோசியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். லேயா அம்மாதான் பேசினாள்.

"நீ மனுஷிங்கிறதாலதான் இந்த மூணு வருஷத்துல ஒரு பொண்ணு சாகல. அதுக்கு முந்தி எத்தன பேர்னு கல்லறையில போய் எண்ணு. ஒன்னைய அனுப்பிட்டா வேற ஆள் வரும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எப்ப வரும்? நீ வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் காத்திருந்தோம்."

"அதுக்கு என்னையப் பூட்டி வைப்பீங்களா?"

"பூட்டு எங்கம்மா இருக்கு? கதவே இல்லாத ஊரு இது."

நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் வாசலில் சோளம், வாழைத்தார், புகை போட்ட மீன், ஒரு கோழி. கோழி என்னைப் பார்த்துக் கூவியது. அதை அவிழ்த்து விரட்டிவிட்டேன். யாரோடும் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அபியாவுக்குக் கால் வீங்கியிருந்தது. அவளைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். "போங்கக்கா, எனக்குப் பொறந்ததும் போயிருங்க. நானே துடுப்புப் போடுறேன்" என்றாள்.

போன ஞாயிறு யோசியாஸ் கோயிலில் எல்லார் முன்னாலும் வேதத்தின் மேல் கை வைத்து, அபியாவின் பிரசவம் முடிந்த பிறகு வருகிற கப்பலுக்கு என்னை அவரே கொண்டு விடுவதாகச் சத்தியம் செய்தார். ஓலையையும் அவிழ்த்துவிட்டார்கள்.

அக்டோபரில் கடல் தணிந்துவிடும். வந்துவிடுவேன். ஹெர்மான் அண்ணனிடம் சொல்.

மினா


அம்போன்,
செப்டம்பர் 24, 1994

அருமை மினாவுக்கு,

சத்தியம் செய்த மனிதருக்குக் கர்த்தர் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். சத்தியத்தை மீறினால் அதைப் பாதியாகக் குறைக்கட்டும். உன் கடிதம் படித்த அன்று நான் மாவட்ட அலுவலகத்துக்கே போய்ச் சத்தம் போட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எனக்குத் தேநீர் கொடுத்தார். வேறொன்றும் கொடுக்கவில்லை.

கல்யாணம் டிசம்பர் பதினேழு. எழுதிப் பார்த்தால் யாருடைய கல்யாணமோ போல இருக்கிறது. என் வகுப்புப் பெண்கள் எனக்குத் தெரியாமல் எனக்கே உடை தைக்கிறார்கள். அளவு எடுக்க வேண்டும் என்று என்னை மேசைமேல் ஏற்றி நிறுத்தியது எதற்காம்? முப்பத்தாறு வயதில் வெள்ளை உடுத்தலாமா என்று கேட்டேன். "ஒங்களுக்கில்ல டீச்சர், கடை பொம்மைக்கு" என்கிறார்கள்.

ஹெர்மான் நவம்பரில் இங்கே வருகிறார். நீயும் இருப்பாய். நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்க்கிறேன். அப்பா கிண்ணத்தை எறிந்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளலாம்.

அபியாவுக்கு நல்லபடி ஆகட்டும்.

அக்கா


வைலாரு,
அக்டோபர் 27, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்போனில் மழை நின்றுவிட்டதா? இங்கே வெயில் அதிகம்.

அபியாவுக்கு இரட்டைக் குழந்தைகள், அக்கா! ஒன்பதாம் தேதி. இரண்டாவது குழந்தை கால் முதலில் வந்தது. விடியும்போது எல்லாம் முடிந்தது. ஓர் ஆண், ஒரு பெண். அபியா எழுந்து நடக்கிறாள். நேற்று கிணற்றடியில் தண்ணீர் இறைத்தாள், திட்டிவிட்டு வந்தேன். பெண்ணுக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆண் குழந்தைக்குத் திமோ மாமா தன் பெயரை வைக்கச் சொல்லி அலைகிறார்.

கப்பல் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. அலை காரணமாக ஏற முடியவில்லை. அடுத்த கப்பலுக்குப் பார்க்கலாம்.

வகுப்புப் பெண்களுக்கு என் அன்பு. உடைக்குக் கைப் பகுதியை நீளமாக வைக்கச் சொல், உனக்கு அதுதான் அழகு.

மினா


அம்போன்,
டிசம்பர் 4, 1994

மினாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலம் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கப்பலின் சமையற்காரன் எப்பியைத் துறைமுகத்தில் பார்த்தேன். உன் கடிதம் வந்த பிறகு, அடுத்த கப்பலிலாவது நீ வருவாய் என்று ஹெர்மானையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எப்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன தடவ ஒங்க தங்கச்சியப் பாத்தேனே. பெட்டியோட படகுல வந்தாங்க."

"அலை பலமா இருந்துச்சாமே?"

"அலையா? கடல் தேங்காயெண்ண மாதிரி கெடந்துச்சு. நான்தான் மேல நின்னு கை குடுத்தேன். ஏணியப் புடிச்சாங்க. 'கப்பல் நேரா அம்போன்தானே?'ன்னு கேட்டாங்க. 'நடுவுல நாலஞ்சு தீவு, அப்புறம் அம்போன்தான்'னேன். கைய எடுத்துட்டு உக்காந்துட்டாங்க. படகுக்காரக் கெழவன் 'ஏறும்மா, ஏறும்மா'ன்னு கத்துறான். பக்கத்துல ஊர்த் தலைவராம், அந்த ஆளு அழுவுறாரு. ஒங்க தங்கச்சி படகத் திருப்பச் சொல்லிட்டாங்க."

எப்பி காலையிலேயே குடிக்கிறவன். வேறு தீவில் வேறு யாரையாவது பார்த்திருப்பான். அவனிடமும் அப்படியே சொன்னேன்.

ஹெர்மான் இரண்டு வாரம் இருந்தார். கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்தார், அப்பாவுக்குச் சவரம் செய்தார். அப்பா அவர் கையைக் கடித்தார். ஹெர்மான் சிரித்தார். போகும்போது, "இனிமே நான் கேக்க மாட்டேன் ஒர்பா. ஆனா வீடு இருக்கும்" என்றார். பதினேழாம் தேதியை ஆலயத்தில் சொல்லி எடுத்துவிட்டேன்.

உடையைக் கடை பொம்மைக்கு மாட்டியிருக்கிறார்கள். கைப் பகுதி நீளம்தான்.

ஒர்பா


வைலாரு,
ஜனவரி 22, 1995

அக்கா,

கிறிஸ்துமசுக்கு நீ எழுதவில்லை. புது வருடத்துக்கும் இல்லை. இந்தக் கப்பலில் பை முழுவதையும் கொட்டித் தேடினேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான் நலம். சின்ன மினா குப்புற விழுகிறாள். அவள் தம்பி இன்னும் மல்லாந்தே கிடக்கிறான், சோம்பேறி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு பிரசவத்துக்கு நின்று வீட்டுக்குத் தாமதமாக வந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. சாமான் அறையில் விட்டுப் பூட்டினார். நான்கு நாள். நீ ஜன்னல் கம்பி வழியாக வாழைப்பழம் போட்டாய். அது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கதவைத் திறந்து உள்ளே வந்து, என்னைத் தரையில் உட்கார வைத்து, என் தலையை வாரிவிட்டார். சிக்கெடுத்துக்கொண்டே அழுதார். "நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். வாரி முடிக்க வெகு நேரம் ஆனது. பூட்டியிருந்த நான்கு நாளும் எனக்கு ஒன்றுமில்லை, அக்கா. அந்தச் சீப்புத்தான்.

படிப்பு முடிந்ததும் எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்கள். வரைபடத்தில் எது தூரம் என்று கேட்டேன்.

அப்பாவால் இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். தாதி நான், எந்தப் பக்கம் விழுந்தது, எந்த நரம்பு என்று தெரியும். இங்கே யார் கேட்டாலும் நன்றாக விளக்கிச் சொல்வேன்.

கப்பல் ஏணி மிகவும் வழுக்கும், அக்கா.

ஒரு வரியாவது எழுது.

மினா


கப்பலில்,
மார்ச் 19, 1995

மினா,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் உன்னைக் கண்ணால் பார்த்துவிடுவேன்.

கடல் அமைதியாக இருக்கிறது. நானே பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா நாற்காலியோடு உங்கள் ஊர்ப் படகில் வருவார். எப்பியும் இன்னும் மூன்று பேரும் இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயணத்தில் ஒருமுறைதான் வாந்தி எடுத்தார். மீனை முள் எடுத்து மசித்துக் கொடு, கஞ்சியைவிட அதுதான் இறங்குகிறது. கணவாய் வேண்டாம், உடம்பு தடித்துவிடும். இடது பக்கமாகவே படுப்பார். நீதான் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும், அது உனக்கே தெரியும். காலையில் யாராவது பாடினால் சத்தம் போடாமல் சாப்பிடுவார். அம்மா போனதிலிருந்து பன்னிரண்டு வருடமாக நான்தான் பாடுகிறேன், எனக்குக் குரலே இல்லை. மருந்து துணிப்பையில் இருக்கிறது. சோரோங் விலாசமும் அதில் இருக்கிறது.

மகள் இருக்கும் ஊருக்குப் போகிறோம் என்று சொன்னேன். எந்த மகள் என்று அவர் கேட்கவில்லை.

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்த பிறகுதான் இதைச் செய்கிறேன். படித்தும் செய்கிறேன். அதைத் தெரிந்துகொள்.

நான் இறங்க மாட்டேன். இறங்கினால் திரும்ப ஏற மாட்டேன். நம் வீட்டுப் பெண்களுக்கு ஏணி ஆகாது.

ஒர்பா


வைலாரு,
ஏப்ரல் 2, 1995

சோரோங்கில் இருக்கும் ஒர்பா அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

சரக்கு வருகிறது என்றுதான் எல்லாரும் கரைக்கு வந்தோம். படகு திரும்பும்போது நடுவில் ஒரு தொப்பி தெரிந்தது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. தண்ணீர் முழங்காலுக்கு வந்த இடத்தில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். ஓர் அலை அவர் காலை நனைத்தது, "ஏய்!" என்று அதட்டினார். தூக்கியவர்கள் பயந்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் நிமிர்ந்து கப்பலைப் பார்த்தேன். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். நீல உடை. திமோ மாமா என் பக்கத்தில் வந்து, "மோட்டார் இன்னும் சூடாத்தான் இருக்கு. கொண்டு போய் விடட்டுமா? ஒரு வார்த்தை பேசிட்டு வந்துரலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். நீ கையாட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. கப்பல் திரும்பும்வரை நின்றேன். அதற்குள் லேயா அம்மா அப்பாவுக்கு இளநீர் வெட்டிவிட்டாள்.

"வாங்கய்யா வாங்க. ஒங்க மகளப் புடிச்சு வச்சிருந்தது நாங்கதான். இப்ப நீங்களும் வந்துட்டீங்க, எங்களுக்குக் கவல விட்டுது!" என்று ஊர் கேட்கச் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் தட்டவில்லை. நான் குனிந்து அப்பாவின் நனைந்த காலைத் துடைத்தேன்.

ஞாயிறு அன்று கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். பாடகர் குழு நடத்தியவர் இல்லையா, இவர்கள் பாடுவதைக் கேட்டு முதல் அடியிலேயே இடது கையால் பெஞ்சில் அடித்து, "தப்பு! தப்பு!" என்றார். பாட்டு நின்றது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடி "தப்பு!" ஆராதனை மதியம்வரை போனது. யோசியாஸ் சந்தோஷத்தில் இருக்கிறார், ஊருக்கு ஒரு மருத்துவச்சியும் ஒரு பாட்டு வாத்தியாரும் கிடைத்துவிட்டார்கள் என்று.

சாயங்காலம் உடம்பு துடைத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். அந்த இடது கையில் இன்னும் பலம் இருக்கிறது, அக்கா. விரல் விரலாகப் பிரித்து எடுக்கிறேன். எடுத்ததும் மறுபடி பிடிக்கிறார். முதல் நாள் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். இப்போது எடுப்பதில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம்.

உன் மேல் எனக்குக் கோபம். எவ்வளவு என்றால், உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இதை எப்போதோ செய்திருப்பேன் என்று ஒப்புக்கொள்கிற அளவுக்குக் கோபம்.

கீழைக்காற்று வரும் முன் இன்னொரு கப்பல்தான் உண்டு. அதில் உன் பதில் வரட்டும்.

மினா


சோரோங்,
ஏப்ரல் 29, 1995

மினாவுக்கு,

வந்து சேர்ந்தேன். இடுப்பு வலி போய்விட்டது. இருபது நாளில்! அது என் வலி என்றே நினைத்திருந்தேன்.

கல்யாணம் ஒரு புதன்கிழமை முடிந்தது. பட்டறை ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள், கையில் தார் மணத்தோடு. உடையைக் கொண்டு வந்திருந்தேன். வெள்ளைதான் உடுத்தினேன்.

மறுநாள் காலை ஹெர்மான் வேலைக்குப் போகும்போது, "சாயங்காலம் ஒனக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு?" என்று கேட்டார்.

"எதுன்னாலும்."

"எதுன்னாலும்னு ஒரு மீன் சந்தையில கெடையாதே."

அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு என்ன பிடிக்கும், மினா? உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மதியம் வரை உட்கார்ந்தும் வரவில்லை. பிறகு அழுதேன், துக்கத்தில் இல்லை, எரிச்சலில். சாயங்காலம் அவரோடு சந்தைக்குப் போய் ஒவ்வொரு கூடையாகப் பார்த்தேன். கணவாய்க் கூடை முன்னால் கால் தானாக நின்றது. "இது" என்றேன். அவர் அள்ளி வாங்கினார்.

தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய் அதிகம் போட்டுச் செய்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து. இரண்டு முறை போட்டுக்கொண்டேன். மூக்கில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டேன். ஹெர்மான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தேன். என் இடது கைப் பக்கம் ஒரு சின்னக் கிண்ணம். அதில் நான்கைந்து துண்டுகளைக் காரம் கழுவி, நன்றாக மசித்து, ஆற வைத்திருந்தேன். எப்போது செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெர்மான் கை நீட்டினார். அந்தக் கிண்ணத்தை எடுத்து அவரே சாப்பிட்டுவிட்டார்.

இந்தக் கடிதம் கடைசிக் கப்பலைப் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு செப்டம்பர் வரை நமக்குள் கடல்தான். அப்பா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, எதையும் எனக்கு எழுதாதே. நான் விட்டுவிட்டு வந்தவள், எனக்கு அது தெரிய வேண்டியதில்லை.

எழுது, மினா. எந்தப் படகு கிடைத்தாலும் அதில் எழுது.

உன் அக்கா,
ஒர்பா